எதிரணிக்கு விமான டிக்கெட் போட்டவர்

சேனாபதிக்குத் தோற்பது பிடிக்காது. ஏன் தோற்றோம் என்று தெரியாமல் வீட்டுக்கு வருவது அதைவிடப் பிடிக்காது. காரணம் கிடைக்கிற வரைக்கும் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லத் தெரியாது அவருக்கு.

உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஆள். 1992-இல் நியூஜெர்சிக்கு வந்தார். பிளெய்ன்ஸ்பரோவில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், மனைவி நாகமணி, மகள் வெண்பா. காலை ஆறே முக்காலுக்குப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் நியூயார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயந்தரம் ஏழு மணிக்கு வீடு. இப்படி வாழ்கிற மனிதருக்கு வாரத்தில் ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாலிபால்.

செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே வார இறுதியில் தமிழ்ச் சங்கம் நடத்தும் போட்டிக்குப் பிளெய்ன்ஸ்பரோ அணியின் கேப்டன் அவர்தான். 1995-இலிருந்து நான்கு வருஷம் தொடர்ந்து ஃபைனலுக்கு வந்தார்கள். நான்கு வருஷமும் எடிசன் அணியிடம் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, பதினைந்துக்கு நாலு, பதினைந்துக்கு ஆறு என்று மானம் போகிற மாதிரி தோற்றார்கள்.

எடிசன் அணி கஸ்தூரிரங்கனுடையது. அவர் ஒரு கன்சல்டிங் கம்பெனி வைத்திருந்தார். இந்தியாவிலிருந்து இளைஞர்களை எச்-ஒன் விசாவில் அழைத்து வந்து, கெஸ்ட் ஹவுஸில் தங்க வைத்து, ஊர் ஊராகப் புராஜெக்டுக்கு அனுப்புவார். போட்டி அன்றைக்கு மைதானத்தில் அவர் கம்பெனி பேனர் ஆளுயரத்துக்கு நிற்கும். பையன்கள் எல்லோருக்கும் ஒரே நீல ஜெர்சி, ஒரே வெள்ளை ஷூ. பக்கத்தில் ஐஸ் பெட்டி நிறைய ஜூஸ். நம் ஆட்கள் ஆளுக்கொரு கலரில் பனியன் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தோடு நிற்பார்கள்.

"எல்லாம் காசு சார்," என்பார் பிச்சுமணி. மருந்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவர், பின்வரிசை ஆட்டக்காரர். "ஊர்ல யுனிவர்சிட்டி பிளேயரா பாத்து விசா குடுத்து இறக்கறார். நாம எங்க ஜெயிக்கறது?"

சேனாபதியும் அதை நம்பினார். நம்பினது மட்டுமில்லை, ஒரு வருஷம் தானும் காசைப் போட்டுப் பார்த்தார். ஆளுக்கு நாற்பது டாலர் வசூல் பண்ணி, ஜெர்சி தைத்து, ஷூ வாங்கி, பள்ளிக்கூட ஜிம்மை எட்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அந்த வருஷம் பதினைந்துக்கு மூன்று. புது ஷூ கடித்து இரண்டு பேருக்குக் கால் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் சேனாபதிக்கு அந்தத் தீர்மானம் தோன்றியது. போட்டியில் ஆடுகிறவன் ஆறு மாதமாவது இந்த ஊரில் குடியிருந்திருக்க வேண்டும், காசு கொடுத்து இறக்கின ஆட்களுக்கு இடமில்லை என்று சங்கம் விதி போட வேண்டும். 1999 வசந்தம் முழுக்க அவர் யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டி முடிவதற்குள் பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிடுவார். பதினாலு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. பொதுக்குழு ஜூன் கடைசியில். நிறைவேறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சேனாபதி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. எடிசன் பையன்கள் எப்போது வந்தவர்கள், எங்கே ஆடினவர்கள் என்று நேரில் தெரிந்துகொண்டு வந்து பொதுக்குழுவில் புட்டுப்புட்டு வைக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கே போனார்.

கெஸ்ட் ஹவுஸ் என்றதும் அவர் மனதில் என்னென்னமோ இருந்தது. போய்ப் பார்த்தால் நம்மைப் போல இரண்டாம் மாடி அபார்ட்மென்ட். கதவைத் தட்டினார். ஒரு பையன் கார்ட்லெஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டே திறந்தான். உள்ளே ஹாலில் சுவரோடு சுவராக ஏழெட்டுப் படுக்கைகள் சுருட்டி வைத்திருந்தன. நாற்காலி என்று ஒன்றும் இல்லை.

"எல்லாரும் பின்னால ஆடறாங்க சார். எனக்கு இன்னைக்கு போன் டியூட்டி," என்றான் பையன்.

பின்னால் என்றால் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால். ஒரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு மேப்பிள் மரத்துக்கும் நடுவே துணி காயப்போடுகிற கயிற்றைக் கட்டி, அதில் பழைய வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் நெட். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான்கு பேர். பாதிப்பேர் வெறுங்கால்.

"அண்ணா! பிளெய்ன்ஸ்பரோ கேப்டன்தானே நீங்க? வாங்கண்ணா!" என்று ஓடி வந்தவன் முகிலன். நியூஜெர்சியிலேயே அவனைப் போல ஷாட் அடிக்க ஆள் கிடையாது. நான்கு வருஷத்தில் சேனாபதியின் அணிக்கு விழுந்த அடியில் முக்கால்வாசி அவன் கையால் விழுந்தது.

"ஷூ எங்கப்பா?" என்று கேட்டார் சேனாபதி. வேறு எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது ஃபைனலுக்கு மட்டுந்தாண்ணா. தினமும் போட்டா தேஞ்சிரும்ல?"

"தெனமும் ஆடறீங்களா?"

"காலையில ஆறுலேருந்து ஒன்பது. அப்புறம் ரெஸ்யூமே அனுப்புவோம், கிளையன்ட் கால் வருமான்னு பாப்போம். சாயந்தரம் நாலுலேருந்து இருட்டற வரைக்கும் மறுபடி ஆட்டம். வேற என்னண்ணா பண்றது? கார் கிடையாது. புராஜெக்ட் கிடைக்கிற வரைக்கும் சம்பளமும் கிடையாது. ரூம்ல உக்காந்தா வீட்டு ஞாபகம் வந்து பைத்தியம் புடிச்சிரும். எனக்கு ஒவ்வொரு புராஜெக்டும் மூணு மாசம், நாலு மாசம். முடிஞ்சா திரும்ப இங்கதான்."

"நீ ஊர்ல எந்த யுனிவர்சிட்டிக்கு ஆடினே?"

முகிலன் சிரித்துவிட்டான். "நானாண்ணா? நான் ஒட்டன்சத்திரம். ஊர்ல கபடிதான். வாலிபாலை இங்க வந்துதான் தொட்டேன். இதோ இந்தக் குப்பைத் தொட்டிகிட்டதான் கத்துக்கிட்டது."

சேனாபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்கள் ஒரு நாளில் ஆடுவதை நம் ஆட்கள் ஒரு மாதத்தில்தான் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பயிற்சி என்றால் பிச்சுமணி வந்து சேரப் பத்தே முக்கால். பதினொன்றரைக்கு ஒருவர் மகளைப் பரதநாட்டியத்திலிருந்து கூட்டிவரப் போய்விடுவார். பன்னிரண்டுக்கு மேல் நிற்பது நெட் மட்டும்தான். இந்த லட்சணத்தில் எதிராளியின் காசைப் பற்றி நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பையன்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டார்.

பொதுக்குழு வெஸ்ட் வின்ட்சரில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. எண்பது பேர் வந்திருந்தார்கள். கஸ்தூரிரங்கன் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் கூப்பிட்டதும் சேனாபதி எழுந்து, பதினாலு கையெழுத்து இருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தீர்மானத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

ஹாலில் ஒரே கூச்சல். பிச்சுமணி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "என்ன சார் இது? வீடு வீடா கூட்டிண்டு போய்க் கையெழுத்து வாங்கினது எதுக்கு?"

கஸ்தூரிரங்கன் சிரித்தார். "ஆக, என் பணத்துல தப்பில்லைன்னு ஒத்துக்கறேள். நல்ல டீம் வேணும்னா செலவு பண்ணணும் சார். நான் பண்றேன், ஜெயிக்கறேன்."

வேடிக்கை என்னவென்றால், காசால்தான் ஜெயிக்கிறோம் என்று அவரும் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

"உங்க பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க," என்றார் சேனாபதி. "அந்தப் பசங்களுக்கு உங்ககிட்ட இருந்து கெடச்சது ஒண்ணே ஒண்ணுதான், நேரம். அதுவும் நீங்க குடுக்கோணும்னு நெனச்சுக் குடுத்ததில்லீங்க. வேலையில்லாம, சம்பளமில்லாம, போக்கிடம் இல்லாம கெடக்கற நேரத்தையெல்லாம் அவங்க பந்துல போட்டிருக்காங்க. அவங்களை விதி போட்டு வெளிய நிறுத்திப்போட்டு நான் கப்பைத் தூக்கினா எனக்குச் சோறு எறங்காதுங்க. ஆடித்தான் ஜெயிப்போம்."

கஸ்தூரிரங்கன் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டார்.

வீராவேசமாகப் பேசிவிட்டு வருவது சுலபம். நேரத்துக்கு எங்கே போவது? ஆளுக்கு வேலை, குழந்தை, லோன், கிரீன் கார்டு. அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர் சேக் தாவூத். காயல்பட்டினத்துக்காரர், மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். அவர்தான் வழி சொன்னார்.

"நான் ஃபஜ்ர் தொழுதுட்டு சும்மாதான் இருக்கேன் சேனாபதி. அஞ்சு மணிக்கு வெளிச்சம் வந்துருது. நீங்கள்லாம் ரயிலுக்குப் போறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் ஆடுனா என்ன?"

மறுநாளிலிருந்து தினமும் காலை ஐந்து மணி. முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அபார்ட்மென்டுக்குப் பின்னால் பந்துச் சத்தம் கேட்டு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி போலீசைக் கூப்பிட்டார். அதனால் டவுன்ஷிப் பூங்காவுக்கு இடம் மாறினார்கள். சேனாபதி ரயில் சட்டையைக் காரில் ஹேங்கரில் மாட்டி வைத்திருப்பார். ஆறு இருபதுக்கு ஆட்டத்தை நிறுத்தி, காரிலேயே சட்டை மாற்றி, பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டம். ரயிலில் இவர்கள் உட்கார்ந்த இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிச்சுமணியை எழுப்புகிற வேலையை நாகமணி எடுத்துக்கொண்டாள். நாலே முக்காலுக்கு அவர் வீட்டுப் போனில் இரண்டு தடவை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். எழுந்திருக்காவிட்டால் மறுபடி இரண்டு தடவை. நான்காம் தடவைக்குள் பிச்சுமணியின் மனைவி ஷ்யாமளா அவரைச் செருப்போடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். ஒரு மாதத்தில் போன் அடிக்காமலே வர ஆரம்பித்தார். நெடுஞ்செழியன் என்று ஒருவர், அணியில் ஏழாம் ஆள், ஒரு மேட்சிலும் இறங்கினது கிடையாது. அவரும் ஒருநாள் தவறாமல் வந்தார். பனிக்காலத்தில் தாவூத் தன் கிடங்கைத் திறந்துவிட்டார். இரண்டு பக்கமும் பொன்னி அரிசி மூட்டை அடுக்கு, நடுவில் நெட். மூட்டைமேல் பந்து பட்டால் அவுட்.

1999-இல் தோற்றார்கள், ஆனால் பதினைந்துக்குப் பத்து. 2000-இல் மூன்றாவது செட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் பதினைந்துக்குப் பதின்மூன்றில் தோற்றார்கள். முகிலன் வலைக்கு அடியில் குனிந்து வந்து சேனாபதியைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, பயந்துட்டோம்ணா!" என்றான். அன்றைக்கு இரவு சேனாபதி சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னதை நாகமணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த வருஷம் நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் தொழில் படுத்தது. 2001 ஏப்ரலில் கஸ்தூரிரங்கனின் கம்பெனி மூடப்பட்டது. கெஸ்ட் ஹவுஸைக் காலி பண்ணினார்கள். இரண்டு பையன்கள் ஊருக்கே போய்விட்டார்கள். முகிலனும் இன்னும் இருவரும் டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில் வேறு கம்பெனியில் ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு மூலை. ஜூலையில் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது எடிசன் அணி பட்டியலில் இல்லை.

"கப் நம்ம வீட்டு ஷோகேஸுக்கு வந்தாச்சு!" என்று பிச்சுமணி குதித்தார்.

சேனாபதிக்கு இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. இரண்டு வருஷம் இருட்டு பிரியாத நேரத்தில் எழுந்தது யாரை ஜெயிக்க? அவர்கள் இல்லாத மைதானத்தில் ஜெயித்தால், அன்றைக்குப் பொதுக்குழுவில் விதி போட்டே ஜெயித்திருக்கலாமே! மூன்றாம் நாள் ஆலனுக்குப் போன் போட்டார்.

"எங்களுக்கு இப்ப டீமே இல்லண்ணா," என்றான் முகிலன்.

"ஆறு பேரு இருந்தாப் போதும். டிக்கெட்டை நான் பாத்துக்கறேன். தங்கறதுக்கு நம்ம வீடுக இருக்குது."

"எதுக்குண்ணா இவ்வளவு? எங்களை ஜெயிக்கறதுக்கா?"

"ஆமா."

முகிலன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப கண்டிப்பா வர்றோம்ணா."

"சும்மா வரக்கூடாது. நாளையிலிருந்து தெனமும் ஆடிப்போட்டு வரோணும், ஆமா!"

இரண்டு வருஷமாக இந்தியா போவதற்கென்று சேர்த்து வைத்திருந்த, விமானக் கம்பெனி தரும் இலவசப் பயண மைல்கள் மூன்று டெக்சாஸ் டிக்கெட்டுகளாக மாறின. நாகமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, நீங்க ஜெயிக்கறதுக்கு எதிராளிக்கு நீங்களே டிக்கெட் போட்டுக் குடுக்கறீங்களா? யார்கிட்டயாவது சொன்னா சிரிப்பாங்க." வெண்பா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, யூ ஆர் ஸோ வியர்ட்," என்றாள். சொன்னாளே தவிர, டிக்கெட் போட்டுக் கொடுத்தது அவள்தான்.

தொழில் படுத்த வருஷம், வேறு அணி எதுவும் மிஞ்சவில்லை; எடிசன் பெயரையும் சேனாபதியே சங்கத்தில் பதிந்துவிட்டதால் நேரே ஃபைனல்தான். போட்டி நாள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது பையன் கனெக்டிகட்டிலிருந்து வரவேண்டியவன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனுக்குப் புராஜெக்ட் கிடைத்து, உடனே சிகாகோ வரச் சொல்லிவிட்டார்கள். அவனைக் குறை சொல்ல முடியுமா? சங்கத்துக்காரர் மகாதேவன் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சு பேரோட ஆட முடியாது சேனாபதி. கோப்பை உங்களுக்குத்தான். வேற யாராவது சங்க மெம்பர் அவங்களுக்கு ஆடினா ஆட்சேபணை இல்லை. ஆனா யார் இருக்கா?"

மைதானம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பையன்களின் வேகத்துக்கு நின்று ஆடக்கூடியவர்கள் எல்லோரும் பிளெய்ன்ஸ்பரோ அணியில்தான் இருந்தார்கள்.

சேனாபதி நெடுஞ்செழியனைக் கூப்பிட்டார். "என்ற எடத்துல நீங்க நில்லுங்க." தன் சட்டையைக் கழற்றி முகிலனிடம் ஒரு நீல ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்டு, குனிந்து வலைக்கு அந்தப் பக்கம் போனார். ஜெர்சி வயிற்றில் இறுக்கிப் பிடித்தது.

"சார், என்ன அநியாயம் இது!" என்று பிச்சுமணி அழாத குறையாகக் கத்தினார். "நீங்க இல்லாம நாங்க எப்படி ஜெயிக்கறது?"

"ஆடித்தானுங்க. விட்டுக் கொடுத்து ஆடுவேன்னு மட்டும் நெனச்சறாதீங்க. விட்டுக் கொடுத்தா அது ஆட்டமே இல்லீங்க."

விட்டுக் கொடுக்கவில்லை. தன் அணியில் யாருக்கு எந்தத் தோள் வலிக்கும், யார் குறுக்கே வந்து மோதிக்கொள்வார்கள் என்று அவருக்கு அத்துப்படி. அத்தனையையும் முகிலனுக்குச் சொன்னார். முதல் செட் நீலத்துக்கு. அவரே அடித்த பாயின்ட் நான்கு. ஒவ்வொரு பாயின்டுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து தாவூத் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே! இரண்டாவது செட் பிளெய்ன்ஸ்பரோ எடுத்தது. மூன்றாவதில் பதின்மூன்று, பதின்மூன்று. அப்புறம் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பதினாலு, சர்வீஸும் அவர்கள் கையில்.

அவர்கள் போட்ட சர்வீஸை முகிலன் எடுத்துக் கொடுத்தான். பந்து உயரமாக, சரியான இடத்தில், சேனாபதிக்காக எழும்பி நின்றது. அவருக்குத் தெரியும், பிச்சுமணிக்கு வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே வருகிற பந்து இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எடுபட்டதில்லை. அங்கேதான் அடித்தார். இருக்கிற பலம் அத்தனையையும் போட்டு அடித்தார்.

பிச்சுமணி விழுந்தார். விழுந்தவர் எப்படியோ கையை நீட்டிப் பந்தை மேலே எழுப்பிவிட்டார். தாவூத் அதைத் தூக்கிக் கொடுத்தார். யாரும் எதிர்பார்க்காத நெடுஞ்செழியன் எகிறி ஒரு அடி அடித்தார். பந்து சேனாபதியின் இடது காலுக்கு ஒரு முழம் முன்னால் தரையைத் தொட்டது. அவர் பாய்ந்ததெல்லாம் பிறகுதான்.

பதினைந்துக்குப் பதின்மூன்று. புல்லில் குப்புறக் கிடந்தபடியே அவர் அந்தப் பக்கத்துக் கூச்சலைக் கேட்டார். ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். நாகமணியும் ஷ்யாமளாவும் மைதானத்துக்குள்ளேயே ஓடிவிட்டார்கள். சேனாபதியின் கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

முகிலன் பக்கத்தில் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. அவனுக்கு நிஜமாகவே கோபம்.

"என்னண்ணா நீங்க? அந்தப் பந்தை எடுத்திருக்கணும்ணா!"

"ஆமாப்பா," என்றார் சேனாபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எடுத்திருக்கோணும். முழுசாத்தான் பாஞ்சேன், எட்டலை."